ஐந்து மாதக் கடை, பன்னிரண்டு மாதத் தவணை

வெசாக் பௌர்ணமி கழிந்த மறுநாள், சிவனொளிபாதமலை அடிவாரத்தில் இருக்கும் நல்லதண்ணிக்குப் போனால், ஊர் தன்னையே கழற்றி மடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பாதையின் இருபுறமும் நின்ற கடைகளில் இருந்து தகரம் இறங்குகிறது, படங்கு சுருட்டப்படுகிறது, மரச்சட்டங்கள் எண்ணிக் கட்டப்படுகின்றன. விற்காமல் போன கம்பளித் தொப்பிகளும் விளையாட்டுச் சாமான்களும் உரப்பையில் போகின்றன. உச்சியில் இருந்து சமன் தெய்வத்தின் சிலையும் புனிதப் பொருட்களும் பெல்மதுளை கல்பொத்தாவல விகாரைக்கு ஊர்வலமாக இறங்கிவிடும். ஐந்து மாதம் இரவு முழுக்க மாலைபோல எரிந்த படிக்கட்டு விளக்குகள் அணைந்துவிடும். அப்புறம் மழை. தென்மேற்குப் பருவக்காற்று மஸ்கெலியாப் பக்கம் வந்தால் எப்படி வரும் என்று இங்கு வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கடையைப் பிரித்துக் கட்டியவர் வீட்டுக்குப் போகிறார். அடுத்த திங்கட்கிழமை லோன் காசு வாங்க வருபவர் வழக்கம்போல வருகிறார். அவருடைய அட்டையில் பௌர்ணமிக் கணக்கு கிடையாது. வருஷத்துக்கு 52 கிழமை, கிழமைக்கு ஒரு தவணை, அவ்வளவுதான்.

நல்லதண்ணியின் கடன் பிரச்சினையை நான் புரிந்துகொண்ட வரையில், அதன் முடிச்சு இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. ‘வரவுக்கு மிஞ்சிச் செலவழிக்கிறார்கள்’, ‘லோன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள்’ என்று வெளியில் இருப்பவர்கள் பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அது நியாயமான பேச்சு அல்ல. இங்குள்ள சிறு வியாபாரி கடன் வாங்குவது ஆடம்பரத்துக்காக அல்ல, கடை போடுவதற்காக. அவருடைய வருமானம் மலையின் நாட்காட்டியில் வருகிறது. அவர் வாங்கிய கடன் அலுவலகத்தின் நாட்காட்டியில் ஓடுகிறது.

காசு வருவதற்கு முன்பே போகும் காசு

சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் உந்துவப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கில் முடியும். ஐந்து பௌர்ணமி இடைவெளி, ஏறத்தாழ 21 கிழமை. 2,243 மீற்றர் உயர மலைக்கு ஏறும் பாதைகளில் அட்டன், நோர்வூட், மஸ்கெலியா வழியாக வரும் நல்லதண்ணிப் பாதைதான் கூட்டம் அதிகம் வருவது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். பௌத்தர் ஸ்ரீ பாதம் என்கிறார்கள், நாம் சிவனொளிபாதம் என்கிறோம், முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்கிறார்கள். யார் ஏறினாலும் குளிரில் ஒரு தேத்தண்ணி வேண்டும், இறங்கும்போது காலுக்குத் தைலம் வேண்டும். அந்தத் தேத்தண்ணியையும் தைலத்தையும் விற்றுத்தான் இந்த ஊர் பிழைக்கிறது.

விற்பவர்கள் யார்? மறே, மொக்கா போன்ற சுற்றுவட்டத் தோட்டங்களில் பேர் போட்டு வேலை செய்த குடும்பங்களின் பிள்ளைகள் அதில் பலர். அம்மா மலையில் கொழுந்தெடுக்க, மகன் முச்சக்கர வண்டி ஓட்டுகிறான், மருமகள் ரொட்டிக் கடை போடுகிறாள், மச்சான் தோளில் மூட்டை சுமக்கிறான். மேலே இருக்கும் கடைகளுக்கு வாகனம் போகாது. அரிசி, மா, கேஸ் சிலிண்டர் எல்லாம் மனிதன் தூக்கித்தான் போக வேண்டும். படி ஏற ஏறச் சாமானின் விலையும் ஏறுவது பேராசையால் அல்ல, அந்த முதுகுக்கான கூலி அதில் இருக்கிறது.

ஒக்டோபர், நவம்பரில் ஊர் காசு தேடி அலையும். கடை போட இடத்துக்குக் கட்ட வேண்டும், தகரமும் பலகையும் வாங்க வேண்டும், சாமான் இறக்க வேண்டும், வண்டிக்கு டயர் மாற்ற வேண்டும், அறை வாடகைக்கு விடுபவர் சுவருக்குப் பூச்சு அடிக்க வேண்டும். ஒரு ரூபா வரவு வருவதற்கு முன்பே எல்லாம் வெளியே போய்விடும். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது?

வங்கிக்குப் போனால் முதலில் கேட்பது காணி உறுதி. லயத்தில் பிறந்தவனிடம் உறுதி ஏது? நூறு வருஷத்துக்கு மேலாகக் குடும்பம் இருந்த அறை கம்பனி குத்தகைக்கு எடுத்த காணியில் இருக்கிறது. உறுதி இல்லாவிட்டால் அரசாங்க உத்தியோகத்தர் இருவர் பிணை நிற்க வேண்டும். மலையகத்தில் அது பெரும்பாலும் சொந்தக்கார ஆசிரியர்தான். ஒருவரே எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போடுவார்? பாவம், பிணை நின்று தன் சம்பளத்தில் வெட்டுப்பட்ட ஆசிரியர்களின் கதையைத் தனியாகவே எழுத வேண்டும்.

ஆகவே காசு வேறு வழிகளில் வருகிறது. கழுத்துச் செயின் அடகுக்குப் போகிறது. அட்டன், மஸ்கெலியா மொத்தக் கடைக்காரர் சாமானைக் கடனுக்குக் கொடுத்து விலையில் ஏற்றிக்கொள்கிறார். பெண்கள் குழுவாகச் சேர்ந்து கிழமை லோன் எடுக்கிறார்கள். அதுவும் போதாவிட்டால் ‘பத்து வட்டி’. நூறு ரூபாவுக்கு மாதம் பத்து ரூபா. கேட்கச் சின்னதாகத் தெரியும். வருஷத்துக்கு 120 சதவீதம்.

அட்டையில் எழுதாத கணக்கு

ஒரு கடையை எண்ணிக்கொள்வோம். ரொட்டி, தேத்தண்ணி, கொஞ்சம் கம்பளிச் சாமான். நவம்பர் தொடக்கத்தில் மூன்று லட்சம் ரூபா கிழமை லோனாக எடுக்கிறார்கள். ‘வட்டி 24 சதவீதம்தான் அக்கா’ என்று சொல்லப்படுகிறது. வட்டி 72,000. மொத்தம் 3,72,000. அதை 52ஆல் பிரித்தால் கிழமைக்கு 7,154 ரூபா.

இதில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, இந்த 24 உண்மையில் 24 அல்ல. தவணை கட்டக் கட்ட முதல் குறைந்துகொண்டே போகிறது. ஆறு மாதம் கழிந்தபோது உங்கள் கையில் இருப்பது ஏறத்தாழப் பாதி முதல்தான். ஆனால் வட்டியோ கடைசிக் கிழமை வரை முழு மூன்று லட்சத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. மீதி முதலுக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் பார்த்தால் இதே லோன் வருஷத்துக்கு ஏறத்தாழ 44 சதவீதம் ஆகிறது. பத்திரச் செலவு, காப்புறுதி என்று கொடுக்கும்போதே பிடித்துக்கொண்டால் இன்னும் கூடும். 2018 டிசம்பரில் மத்திய வங்கி, அனுமதிபெற்ற நுண்நிதிக் கம்பனிகளுக்கு வருஷ வட்டியின் உச்சவரம்பை 35 சதவீதம் என்று வைத்தபோது குறிப்பிட்டது இந்த உண்மையான வட்டியைத்தான், வாயால் சொல்லும் வட்டியை அல்ல.

இரண்டாவது பொறி நல்லதண்ணிக்கே உரியது. 52 கிழமையில் பருவம் 21 கிழமை. அந்த 21 கிழமையில் கட்டுவது ஏறத்தாழ ஒன்றரை லட்சம். மீதி 31 கிழமையில் கட்ட வேண்டியது 2,21,000க்கு மேல். அதாவது கடை நடக்கும் காலத்தில் கட்டுவதைவிடக் கடையே இல்லாத காலத்தில் கட்டுவது அதிகம்! முதல் நாலு தவணை கடை திறப்பதற்கு முன்பே வந்துவிடும். லோன் காசில் இருந்தே லோன் கட்டித் தொடங்குகிறார்கள்.

மழைக்காலத்தில் அந்த 7,154 ரூபா எங்கிருந்து வரும்? 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்தச் சம்பளத்தில் ஐந்து நாளுக்கு மேல் கொழுந்தெடுத்தால் ஒரு கிழமைத் தவணை. நாட்கூலியாகக் கைக்காசுக்குப் போனாலும் மாதம் முழுக்க வேலை கிடைக்காது. புருஷன் கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போவான், அனுப்பும் காசு தவணைக்குப் போகும், வீட்டுக்கு மாவும் பருப்பும் மறுபடி கடைக் கடனாக வரும். ஓகஸ்ட், செப்டெம்பரில் முதல் லோனைக் கட்ட இரண்டாவது லோன். அந்த இரண்டாவது கையெழுத்தில்தான் குடும்பம் சரியத் தொடங்குகிறது.

இதே மூன்று லட்சத்தை, இதே 44 சதவீத வட்டியில், முதல் நாலு கிழமை தவணை இல்லாமல், பருவத்தின் 21 கிழமையில் கட்டுமாறு கொடுத்தால் என்ன ஆகும்? கிழமைக்கு ஏறத்தாழ 16,200 ரூபா. பெரிய தொகைதான். ஆனால் சனி ஞாயிறும் பௌர்ணமியும் கூட்டம் வரும் காலத்தில் கட்டுவது. வெசாக் அன்று கடன் முடிந்திருக்கும். வட்டி 72,000 இல்லை, ஏறத்தாழ 40,000. கொடுத்தவருக்கு அதே விகிதத்தில் வட்டி கிடைக்கிறது, அவருடைய காசும் ஆறு மாதத்தில் திரும்புகிறது. வாங்கியவருக்கு 32,000 ரூபாவும் மழைக்காலத்து நித்திரையும் மிஞ்சுகின்றன.

இது யாரும் கேள்விப்படாத யோசனை அல்ல. நெல் விதைப்பவருக்குக் கொடுக்கும் பயிர்க்கடன் அறுவடைக்குப் பிறகுதான் திரும்ப வருகிறது. வயல் விளையும் காலம் தெரிந்த வங்கிக்கு மலை விளையும் காலம் தெரியாமல் போனது ஏன்?

துண்டு

மலையகத் தமிழனுக்குக் கடன் புதிதல்ல. நம்முடைய மூதாதையர் இந்த மலைக்கு வந்ததே கடனில்தான். தமிழ்நாட்டுக் கிராமத்தில் கங்காணி கொடுத்த முற்பணம், வழிச்செலவு, கம்பளி, அரிசி எல்லாம் பேரேட்டில் ஏறியே வந்தன. தோட்டத்தில் கால் வைக்கும்போதே ஆள் கடன்காரன். கங்காணியும் அவன் கூட்டமும் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், துரையிடம் ஒரு சீட்டு வாங்க வேண்டும். இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுபவர் இவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருக்கும். அதற்குப் பேர் துண்டு. புதுத் துரை கடனைக் கட்டி ஆட்களை எடுப்பார், அந்தத் தொகை மறுபடி ஆட்களின் தலையில் ஏறும். தோட்டம் மாறினாலும் கடன் மாறாது. பெரும்பாலும் கூடும்.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அது தானாக நடக்கவில்லை. மக்கள் எதிர்ப்பும் இந்தியாவில் இருந்து வந்த அழுத்தமும் சேர்ந்தே நடந்தது. இதை இங்கு நினைவூட்டுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடன் என்பது வாங்கியவனின் குணத்தைப் பொறுத்த விஷயம் என்றுதான் அன்றைக்கும் பேசினார்கள். கூலிக்குச் சேமிக்கத் தெரியாது, அவன் கடனிலேயே வாழ்கிறவன் என்று சொன்னார்கள். சட்டம் மாறிய பிறகுதான், பிழை கூலியிடம் இல்லை, அந்தச் சீட்டில் இருந்தது என்று தெரிந்தது. நல்லதண்ணியின் லோன் அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் துண்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த அடி

பருவக் கடைக்காரருக்கு ஒரு பருவம் போனால் ஒரு வருஷம் போயிற்று. கடந்த சில ஆண்டுகளில் எத்தனை பருவம் போயிற்று என்று எண்ணிப் பார்த்தால்தான் இன்றைய கடன் எப்படி இந்த உயரத்துக்கு வந்தது என்று விளங்கும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. குண்டுகள் வெடித்தபோது பருவத்தில் இன்னும் நாலு கிழமை இருந்தது. பஸ்கள் நின்றன, வெளிநாட்டுக்காரர் அறைகளை ரத்துச் செய்தார்கள். அடுத்த பருவத்தில் விட்டதைப் பிடிக்கலாம் என்று கடன் வாங்கி இறங்கினார்கள். 2020 மார்ச் 20 ஊரடங்கு. ஏழு கிழமைப் பருவமும், புத்தாண்டுக் கூட்டமும், வாங்கி வைத்த சாமானும் அப்படியே. 2018இல் 23 லட்சத்தைத் தாண்டிய வெளிநாட்டுப் பயணிகள் 2021இல் இரண்டு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. மத்திய வங்கி தவணைக்கு அவகாசம் கொடுக்கச் சொன்னது. அவகாசம் கிடைத்தவர்கள் பலர் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு 2022. எரிபொருள் வரிசையில் நின்ற முச்சக்கர வண்டிக்காரருக்கு லீசிங் தவணை நிற்கவில்லை. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. நாலாவது நாள், ஏப்ரல் 12, நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. மா, சீனி, பால்மா மூன்றும் ரொட்டிக் கடையின் உயிர். அந்த மூன்றின் விலையும் கைமீறிப் போயிற்று.

நாடு கடனைக் கட்ட முடியாது என்றபோது கொடுத்தவர்களோடு உட்கார்ந்து பேச முடிந்தது, தவணை நீட்டப்பட்டது, வட்டி குறைந்தது. அதை யாரும் அவமானம் என்று சொல்லவில்லை. மறுசீரமைப்பு என்றார்கள். சிறு, நடுத்தரத் தொழில் முயற்சியாளருக்காக, வங்கிகள் நீதிமன்றம் போகாமலேயே ஈட்டுச் சொத்தை ஏலம் விடும் பராட்டே அதிகாரம் 2024இல் இடைநிறுத்தப்பட்டு, 2025 மார்ச் 31 வரை தள்ளிப்போடப்பட்டது. அது தேவையான வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் அறை வாடகைக்கு விடும் சிலரைத் தவிர நல்லதண்ணியில் யாரிடம் ஈடு வைக்கச் சொத்து இருக்கிறது? செயினையும் வண்டியையும் காப்பாற்ற ஒரு சட்டமும் இடைநிறுத்தப்படவில்லை.

கொஞ்சம் மூச்சு விடுகிறோம் என்ற நேரத்தில் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலையகம் மண்சரிவில் புதைந்தது, நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வருஷத்து உந்துவப் பௌர்ணமி டிசம்பர் 4. கடன் வாங்கிச் சாமான் இறக்கும் அதே கிழமையில்தான் மலை இறங்கியது.

சென்டரில் உட்கார்ந்திருக்கும் அக்காமார்

கிழமை லோன் பெரும்பாலும் பெண்களின் பேரில் எடுக்கப்படுகிறது. சில பேர் ஒரு குழு, சில குழுக்கள் ஒரு சென்டர். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். ‘இந்தக் கெழம மட்டும் பாத்துக்கங்க அக்கா, அடுத்த கெழம தந்துர்றேன்’ என்று சொல்லிச் சொல்லியே ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர்கள் முகம் பார்க்காமல் போயிருக்கிறார்கள். கம்பனிக்கு இது செலவில்லாத பிணை. ஊருக்கு ஆகும் செலவு பெரிது.

2018 செப்டெம்பரில் இலங்கை வந்த ஐ.நா.வின் கடன் மற்றும் மனித உரிமை நிபுணர் உவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் பெண்களை எப்படி நசுக்குகிறது என்று வெளிப்படையாகப் பேசினார். சில இடங்களில் வட்டி 220 சதவீதம் வரை போவதாகவும், தவணைக்குப் பதிலாகப் பெண்களிடம் பாலியல் இலஞ்சம் கேட்கப்படுவதாகவும் சொன்னார். அதே வருஷம் அரசாங்கம், வறட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்களின் ஒரு லட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. வடக்கு, கிழக்கு, வடமத்திய, வடமேல் மாவட்டங்கள் அவை. நுவரெலியா அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் மலையில் மழை பெய்கிறதே, வறட்சி ஏது? மழைதான் நல்லதண்ணிக் கடைக்காரியின் வறட்சி என்பதைக் கொழும்பில் யாரும் யோசிக்கவில்லை. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் பல கிழமைகள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அந்தப் பந்தலின் குரல் மலையகத்துக்கும் சேர்த்து எழுந்த குரல்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வந்தது. ஆனால் அதன் அனுமதிப்பத்திரம் மக்களிடம் வைப்புப் பணம் வாங்கும் கம்பனிகளுக்குத்தான். சொந்தக் காசைக் கடன் கொடுப்பவர்களில் பெரும்பாலானோர் அந்த வேலிக்கு வெளியே நின்றார்கள். ஆந்திராவில் 2010 ஒக்டோபரில், தற்கொலைகள் பெருகிய பிறகு, மாநில அரசு அவசரச் சட்டம் போட்டுக் கிழமை வசூலையே நிறுத்தியது. மாதத் தவணை மட்டும், வட்டி முதலைத் தாண்டக் கூடாது என்றது. கம்பனிகள் பெரும் இழப்பு என்றன, அதில் உண்மையும் உண்டு. தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 2025 ஏப்ரலில் கட்டாய வசூலுக்கு எதிரான சட்டமூலத்தை நிறைவேற்றியது. தவணை எப்போது வர வேண்டும் என்பதைச் சட்டத்தால் மாற்ற முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

இப்போது கழுத்தில் கயிறாகக் கிடக்கும் கடனுக்கு

சட்டம் வரும் வரை தவணை காத்திருக்காது. ஆகவே இப்போதே கடனில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

முதலில் ஒரு கொப்பி. யாருக்கு எவ்வளவு, முதல் எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, என்ன அடகில் இருக்கிறது, யார் பிணை. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும், புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் எடுத்த லோன், வீட்டுக்காரிக்குத் தெரியாமல் வாங்கிய பத்து வட்டி, இரண்டும் அந்தப் பக்கத்தில் வந்தாக வேண்டும். அன்றைக்குச் சண்டை வரும். வரட்டும். ஒளித்து வைத்த கடன் மூன்று மாதம் கழித்து வாசலில் வந்து நின்று சத்தம் போடும்போது வரும் சண்டையைவிட இது சின்னது.

எழுதிய பிறகு, எதை முதலில் முடிப்பது என்பது யார் அதிகம் சத்தம் போடுகிறார் என்பதைப் பொறுத்து இருக்கக் கூடாது. வட்டி கூடினதை முதலில் முடிக்க வேண்டும், பத்து வட்டிதான் முதல் எதிரி. தொழிலின் கருவியை, வண்டியையோ கடைச் சாமானையோ, பறிக்கக்கூடிய கடனை நிலுவையில் விடக் கூடாது. மொத்தக் கடைக்காரரோடு பேசலாம். அடுத்த பருவத்துக்கும் நீங்கள் அவருக்கு வேண்டும், அவர் கேட்பார். நகை விஷயத்தில் ஒரு கவனம். 2022 தொடக்கத்தில் ஒரு லட்சத்துச் சொச்சமாக இருந்த ஒரு பவுனின் விலை 2025 ஒக்டோபரில் மூன்று லட்சத்தைத் தாண்டியது. அதே செயினுக்கு இன்னும் காசு தருகிறோம் என்று அடகுக் கடை கூப்பிடும். விலை ஏறியது உங்கள் நகைக்கு, கடை அதை உங்கள் கடனாக்கப் பார்க்கிறது. இரண்டு செயின் அடகில் இருந்தால், ஒன்றை விற்று மற்றதை மீட்டு, கடனையும் குறைக்க முடியுமா என்று கணக்குப் பாருங்கள். தாலிக்கொடியை விற்பதா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். வருஷாவருஷம் வட்டி கட்டிக் கடைசியில் ஏலத்தில் போகும் கொடியைவிட, நீங்களே விற்ற கொடி மேல்.

தவணை தவறப்போகிறது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே போய்ப் பேச வேண்டும். போனை அணைப்பதும், லோன்காரர் வரும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையை விட்டு ‘அம்மா இல்ல’ என்று சொல்லவைப்பதும் நமக்கே கேடு. பிள்ளைக்கு அது பெரிய பாரம். பருவத்துக்கு அப்புறம் வருமானம் இல்லை, டிசம்பர் வரை தவணையைக் குறைத்துத் தாருங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுங்கள், பிரதி ஒன்றைக் கையில் வையுங்கள். வாய்ப்பேச்சுக்கு ஆதாரம் இல்லை, கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். மத்திய வங்கியின் கண்காணிப்பில் உள்ள வங்கியோ நிதிக் கம்பனியோ நியாயமாக நடக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். காணி, வீடு ஈட்டில் இருந்தால் கடன் இணக்கச் சபை இருக்கிறது, 1941ஆம் ஆண்டில் இருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. கடன் தகவல் பணியகத்தின் கிரிப் அறிக்கையில் உங்கள் பேரில் என்ன கடன் பதிவாகியிருக்கிறது என்று நீங்களே எடுத்துப் பார்க்கலாம். பிணை நின்றதை மறந்துபோனவர்கள் அதில் அதிர்ச்சி அடைவார்கள்.

தோட்டத்தில் பேர் இருந்தவரை ஈ.பி.எஃப். இருந்தது. கடை போட்டவருக்கு அது இல்லை. சுயதொழில் செய்வோருக்கென 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அதற்கு முன்னால், பருவத்துக் காசில் மழைக்காலத்துக்கு என்று ஒரு பங்கை அன்றன்றைக்கே ஒதுக்க வேண்டும். கூட்டம் வந்த ஞாயிற்றுக்கிழமை இரவு கையில் இருப்பது முழுக்க லாபம் இல்லை. அதில் ஜூன் மாத அரிசியும் இருக்கிறது. நம்பிக்கையான ஆட்களோடு டிசம்பரில் இருந்து மே வரை காசு போட்டு, ஜூனில் இருந்து நவம்பர் வரை ஆளுக்கொரு மாதம் எடுக்கும் சீட்டு ஒன்று நல்லதண்ணிக்குப் பொருத்தமாக இருக்கும். நம் பெண்களுக்குச் சீட்டுப் பிடிக்க யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கடன் வயிற்றை மட்டும் பிடிப்பதில்லை. இரவு ஒரு மணிக்கு முழிப்பு வந்து, கூரைத் தகரத்தில் மழையைக் கேட்டுக்கொண்டு திங்கட்கிழமையை எண்ணிக் கிடப்பவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். செத்துப்போனால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நினைப்பு வந்தால், அது அந்த இரவின் களைப்பு பேசுவது. கடன் சாகாது, அது பிள்ளைகளின் வாசலுக்குப் போகும். அந்த நேரம் பக்கத்துக் காம்பராவைத் தட்டுங்கள். தட்ட மனமில்லாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926ஐ அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தவணை தவறியவளை சென்டரில் எல்லாருக்கும் முன்னால் நிற்கவைத்துக் கேட்காதீர்கள். அடுத்த மழையில் அந்த இடத்தில் நீங்கள் நிற்கலாம்.

வங்கிகளுக்கும், கூட்டுறவுச் சங்கங்களுக்கும், மலையகத்தின் பேரில் பாராளுமன்றம் போனவர்களுக்கும் கேட்பது ஒன்றுதான். தள்ளுபடி கேட்கவில்லை. நல்லதண்ணிக்கு ஒரு பருவக் கடன் கொடுங்கள். நவம்பரில் கொடுத்து, உந்துவப் பௌர்ணமிக்குப் பிறகு வாங்கத் தொடங்கி, வெசாக்கில் முடித்துவிடுங்கள். காணி உறுதி கேட்காதீர்கள். பத்து வருஷம் அதே இடத்தில் கடை போட்டவரின் கடையே போதுமான உறுதி.

அது வரும் வரை, இந்த நவம்பரில் கையெழுத்துக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருபவரிடம் வட்டி எவ்வளவு என்பதோடு, முதல் தவணை எந்தத் திகதி, கடைசித் தவணை எந்தத் திகதி என்றும் கேளுங்கள். அந்த இரண்டு திகதியும் பருவத்துக்குள் விழும்படி எழுதித் தந்தால் மட்டும் பேனாவைக் கையில் எடுங்கள்.